சந்தனத்துக்கு அடியில் வாரண்டி

இலஞ்சி
5 ஜூன் 2026

அன்புத் தங்கச்சி மாரிச்செல்விக்கு அண்ணன் சங்கரபாண்டி எழுதிக்கொள்வது. நானும் உன் மதினி பாலம்மாளும் அபர்ணாவும் சுகம். சாரல் தொடங்கிவிட்டது, கூடவே என் முழங்காலும் தொடங்கிவிட்டது. புனேயில் நீயும் மாப்பிள்ளை மணிமுத்துவும் நலம்தானே?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நல்லதம்பி பெரியப்பா தலையில் இருப்பது விக் என்று உனக்கு மட்டும் அனுப்பியது குடும்பக் குழுவில் போய் விழுந்தது அல்லவா? ஊரெல்லாம் படித்து, கடைசியில் அவரும் படித்து, கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் போன் பாலம்மாளின் தணிக்கையில் இருக்கிறது. இப்போது இந்த ஊரில் நான் நம்பும் ஒரே ஆள் தபால்காரர் ஏசுவடியான்.

நீ அபர்ணாவுக்கு அனுப்பிய லேப்டாப் பத்திரமாக வந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஆரஞ்சு நிறத்தில் உங்கள் ஊர்ச் சந்தனம். "புனேக்குப் போயும் பழக்கத்த விடல பாருங்க" என்று பாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலஞ்சிக் கோயில் சந்தனத்தை அதன் மேலேயே அப்பினாள். பொட்டு இப்போது இட்லி மாதிரி இருக்கிறது.

பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது. கோயம்புத்தூர்க் கம்பெனி, வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட வேண்டும். ஆகஸ்ட் மூன்றாம் தேதி அங்கிருந்தபடியே இவள் லேப்டாப்புக்குள் நுழைந்து சோதிப்பார்களாம். ரேம் பதினாறு ஜிபி இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. இதில் எட்டுதான் காட்டுகிறது. இன்னொரு எட்டை நானே போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். யூடியூபில் ஒரு தம்பி வாழைப்பழம் உரிப்பது போல் செய்து காட்டுகிறான்.

இந்த வேலை போனால் அவள் மறுபடியும் நம் லாட்ஜ் வரவேற்பு மேசைதான். போன வருஷம் முழுக்க ஈரத் துண்டோடு வந்து சாவி கேட்கிறவர்களுக்குச் சாவி கொடுத்துக் கொடுத்து, பிள்ளை முகமே மேசை மணி மாதிரி ஆகிவிட்டது.

பெட்டியும் பில்லும் பார்சலில் இல்லையே, தேடி அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
சங்கரபாண்டி

~

புனே
13 ஜூன் 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

திறக்காதீர்கள். நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன்.

நாங்கள் நலம். உங்கள் மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறிவிட்டது. அவர் தூங்கும்போது பார்ப்பதுதான் நேரில் பார்ப்பது. மதினியின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? அபர்ணாவுக்கு என் முத்தம்.

நான் சந்தனம் வைத்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அது கிழிந்தால் வாரண்டி போயிற்று. புதுச் சாமானைப் பிரித்து மேய்கிற வயதா உங்களுக்கு? மிக்ஸியைப் பிரித்த கதையை மதினி இன்னும் சொல்கிறாள். சந்தனத்தைத் துடைக்கக்கூட வேண்டாம், சாமி காரியம்.

எட்டே போதும் என்று கம்பெனியில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் மூன்று கடைகளின் கணக்கை எட்டில்தானே ஓட்டினேன். இப்போது ரேம் விற்கிற விலைக்கு நகையே வாங்கிவிடலாம். பெட்டியைப் பழைய பேப்பர்காரர் கொண்டுபோய்விட்டார். பில்லைத் தேடுகிறேன்.

உங்கள் தங்கை
மாரிச்செல்வி

~

இலஞ்சி
18 ஜூன் 2026

அன்புத் தங்கச்சிக்கு, இங்கே அனைவரும் நலம். பாலம்மாளின் கால் வீக்கம் வடிந்துவிட்டது, வாய் வடியவில்லை.

நீ சொன்னால் சரி. திறக்கவில்லை. லேப்டாப் வீட்டில் அமைதியாக இருக்கிறது. மிக அமைதியாக.

வேறொரு விஷயம். செங்கோட்டையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறாரே ஜெபஸ்டின், அவர் பாவம், தன் மகனுடைய லேப்டாப்பைத் தானே திறந்துவிட்டாராம். தென்காசிச் சந்தையில் ஒருவனிடம் பழைய ரேம் ஒன்று வாங்கி, மூன்றாம் நம்பர் அறையில் கட்டில் மேல் வைத்துப் போட்டிருக்கிறார். மூடிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் உள்ளே காற்றாடி மட்டும் சுற்றுகிறதாம். திரை கறுப்பு. "பொறுக்க மாட்டாம கைய வச்சியளே, இப்ப திருப்தியா?" என்று அவர் வீட்டம்மா கேட்டாளாம். மனுஷன் சாப்பிடுவதில்லை, உட்காருவதில்லை. ஐந்தருவிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்.

உனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரி: இப்படி ஆனால் வாரண்டியில் எடுத்துக்கொள்வார்களா? ஜெபஸ்டினுக்காகத்தான் கேட்கிறேன். அப்படியே நம் பில்லையும் அனுப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அண்ணன்

~

புனே
30 ஜூன் 2026

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். கடைக் கணக்கு நெருக்குகிறது.

சிப்ஸ் கடை ஜெபஸ்டினுக்கு மூன்றாம் நம்பர் அறை எப்போதிலிருந்து இருக்கிறது? எனக்குத் தெரிந்து லாட்ஜின் மூன்றாம் நம்பர் அறையும், அதில் ஒழுகுகிற கூரையும் என் அண்ணன் ஒருவருக்குத்தான்.

போகட்டும். ஜெபஸ்டின் திறந்தபோது உள்ளே என்ன பார்த்தார்? எல்லாம் இருந்த இடத்தில் இருந்ததா? ஸ்டிக்கரை அவர் எப்படிக் கிழித்தார், யாராவது கூட இருந்தார்களா? விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

பில்லை உங்கள் மாப்பிள்ளை எங்கோ வைத்துவிட்டார். சர்வீஸ் சென்டருக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். ஒன்று கேட்டால் ஒன்பது கேட்பார்கள்.

மதினிக்கு வணக்கம். அபர்ணா என்னோடு பேசியே பல நாள் ஆகிறது. கோபமா?

மாரிச்செல்வி

~

இலஞ்சி
5 ஜூலை 2026

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்புக்கு எல்லாரும் சுகம். மானத்துக்கு நான் சுகமில்லை. ஜெபஸ்டின் நான்தான். அந்த நல்ல மனுஷனுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவரிடம் லேப்டாப்பே கிடையாது.

விவரமாகக் கேட்டாய், எழுதுகிறேன். யூடியூப் தம்பி சொன்னான்: நம் உடம்பில் மின்சாரம் இருக்கும், அதை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும், ஏதாவது இரும்பைத் தொட்டால் போதும். எனக்கு இரும்பு போதாது என்று பட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்த மின்சாரம் அல்லவா? உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, ஐந்தருவியில் போய் நின்றேன். இருந்த மின்சாரமெல்லாம் இறங்கி ஆற்றோடு போய்விட்டது போல் ஒரு சுகம். அதே சுகத்தோடு வந்து மூன்றாம் நம்பர் அறையில் உட்கார்ந்தேன். வீட்டில் வைத்துத் திறந்தால் அபர்ணா பார்த்துவிடுவாள். பாலம்மாள் வாசலில் காவல்.

சாவியில் கோத்திருக்கும் பிளாஸ்டிக் வில்லையால் சந்தனத்தைக் கீறினேன், அடியில் ஸ்டிக்கரும் கிழிந்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே ரேம் வைக்க இரண்டு இடம். ஒன்றில் இருந்தது, ஒன்று காலி. இருந்ததைச் சும்மா விட்டிருக்கலாம். எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அதையும் பிடுங்கி, தடவிப் பார்த்துவிட்டு மாட்டினேன். அதற்குள் கட்டில் மேல் வைத்திருந்த, சந்தையில் வாங்கிய ரேம் மேல் கூரையிலிருந்து டொப்பென்று ஒரு சொட்டு. வேட்டியில் துடைத்துவிட்டுப் போட்டேன். அவ்வளவுதான். திரை கறுத்ததுதான் மிச்சம்.

கிழிசல் தெரியாமலிருக்க மறுபடியும் சந்தனம் வைத்தேன். யாரையும் குறை சொல்லாதே, இந்த யோசனை எனக்கே தோன்றியது.

அபர்ணாவிடம், வேகம் கூட்டுவதற்காக நண்பரிடம் கொடுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. மேசையில் உட்கார்ந்து சாவி எண்ணிக்கொண்டிருக்கிறாள். பில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் போய்க் காலில் விழுவேன். பில்லை அனுப்பு, செல்வி.

அண்ணன்

~

இலஞ்சி
14 ஜூலை 2026

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமா? பதில் இல்லை. இரண்டு முறை போன் போட்டேன். ஒரு முறை மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் எடுத்து, "மச்சானா, அவ குளிச்சிட்டு இருக்கா" என்றார். இன்னொரு முறை நீயே வெட்டிவிட்டு மீட்டிங் என்று செய்தி அனுப்பினாய். பலசரக்குக் கடைக் கணக்குக்கு மீட்டிங்கா?

என்மேல் கோபம் என்றால் திட்டி எழுது. நீ பார்த்துப் பார்த்து வாங்கித் தந்ததை நாசமாக்கினேன், ஒத்துக்கொள்கிறேன். இந்த மௌனம்தான் தாங்கவில்லை. தபால்காரர் ஏசுவடியான் என் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். "அண்ணாச்சி, வந்தா தரமாட்டேனா? இப்படி வாசல்ல நின்னா எனக்கே பயமா இருக்கு" என்கிறார்.

பில் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அண்ணன்

~

இலஞ்சி
18 ஜூலை 2026

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. எல்லாரும் சுகம். சாரல் நல்ல சாரல்.

உன் பதிலுக்குக் காத்திருக்க அபர்ணா விடவில்லை. கட்டிலுக்கு அடியில் லேப்டாப்பைக் கண்டுபிடித்து, என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தென்காசி சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டாள். அங்கே ஜெனி என்று ஒரு பெண். நான் போனதும் வாங்க அண்ணாச்சி என்று நாற்காலி போட்டாள். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

"பில் இல்லம்மா" என்றேன்.

"பில் எதுக்கு அண்ணாச்சி? அடியில உள்ள நம்பர அடிச்சா கம்பெனியில எல்லாம் சொல்லுது."

"திறந்துட்டேன். வாரண்டி போயிருச்சா?"

"ரேம் மாத்துனா வாரண்டி போவாது. எதையாவது உடைச்சாத்தான் போவும். இந்த ஸ்டிக்கர் விக்கிற கடைக்காரன் ஒட்டுனது. அதுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

கேட்டாயா? ஒரு மாதமாக நான் நடந்த நடை எல்லாம் சும்மா. நடந்த தூரத்துக்குக் கொல்லமே போயிருக்கலாம்.

மூடியைக் கழற்றினாள். லேப்டாப்போடு வந்த ரேமை வெளியே எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். "இதுல என்ன அண்ணாச்சி, வாசமா இருக்கு?"

"அது தைலம்" என்றேன். அபர்ணா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஜெனி ஓர் அழிரப்பரை எடுத்து, ரேமின் தங்கப் பற்களைத் துடைத்து, சாய்த்து உள்ளே விட்டு, அமுக்கினாள். கிளிக் என்றது. நான் போட்டபோது அந்தச் சத்தமே வரவில்லை. திரை வெளிச்சமாக வந்தது. நல்லவேளை, எதுவும் உடையவில்லை, வாரண்டியும் அப்படியே இருக்கிறது. ஆனால் சொட்டு விழுந்த ரேம் செத்துவிட்டது. சந்தைக்காரனிடம் போனேன், வித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறான். புதிது வாங்கலாம் என்று போனால், இரண்டு கடையில் இல்லை, இருக்கிற கடையில் சொன்ன விலையைக் கேட்டு என் எண்ணெய்க் குளியலெல்லாம் இறங்கிவிட்டது. ஆக, எட்டுதான். மூன்றாம் தேதிக்கு இன்னும் எட்டு வேண்டும்.

இனிமேல்தான் வேடிக்கை. ஜெனி சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறாள்: "உங்க கீறல் தனியா தெரியுது அண்ணாச்சி. அதுக்குப் பக்கத்துல நேரா, நறுவிசா ஒரு வெட்டு இருக்கு. அதுக்குள்ள ஆரஞ்சுத் தூள் இறங்கியிருக்கு. அந்தச் சந்தனம் வைக்கிறதுக்கு முன்னாடியே யாரோ திறந்திருக்காங்க. கம்பெனியிலருந்து இது ரெண்டு எட்டோட, பதினாறாத்தான் வந்திருக்கு. இன்னொண்ணு எங்க?"

நான் சிரித்துவிட்டேன். அபர்ணா சிரிக்கவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, செல்வி. புனேயிலிருந்து தென்காசி எவ்வளவு தூரம். எத்தனை ஸ்டேஷன், எத்தனை சரக்குக் கிட்டங்கி, எத்தனை கை. வழியில் எவனோ ஒரு ரயில் திருடன் பார்சலைப் பிரித்து ஒன்றை உருவிவிட்டு, பழையபடி ஒட்டி அனுப்பியிருக்கிறான். சந்தனத்தைக்கூடக் கலைக்காமல் வேலை செய்திருக்கிறான் என்றால் பக்தியுள்ள திருடன். அபர்ணாவிடமும் இதைத்தான் சொன்னேன். "திருடன்னா முழு லேப்டாப்பையும்லா எடுப்பான்? பாதிய எடுத்துட்டுப் பாதிய வச்சிட்டுப் போவானாப்பா?" என்று கேட்டாள். "அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றேன். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். பில் இனிமேல் வேண்டாம், தேடாதே.

அண்ணன்

~

புனே
25 ஜூலை 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். மதினியும் அபர்ணாவும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தத் திருடன் அகப்பட்டான் அண்ணா. ரயிலில் இல்லை, இங்கேயே பக்கத்தில் இருந்தான். பார்த்தால் திருடன் என்று சொல்ல முடியாது. அவனைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்களாம். புனேயில் பெரிய வேலை, கை நிறையச் சம்பாத்தியம் என்று. அவனும் மறுத்துச் சொன்னதில்லை. அண்ணன் பிள்ளைக்கு நல்லதாகவே வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான், அதில் ஒரு பொய்யும் இல்லை. பார்சல் கட்டுவதற்கு முந்தின நாள் அவனுடைய சொந்த லேப்டாப் ரேம் போய், கணக்கு நடுவே நின்றுவிட்டதாம். வரி தாக்கல் செய்யக் கடைசி நாள். மூன்று கடைக்காரர்களும் மாற்றி மாற்றி போன் போடுகிறார்கள். புது லேப்டாப் மேசை மேல் இருந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு எட்டை ஒரு மாதத்துக்கு மட்டும் என்று எடுத்தானாம். விலை இறங்கியதும் வாங்கி அனுப்பிவிடலாம் என்று நினைத்தானாம்.

விலை இறங்கவில்லை.

அவன் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. நீங்கள் பில் கேட்ட ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டு, இங்கே வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தானாம். நீங்கள் ஐந்தருவி வரைக்குமாவது நடந்தீர்கள், இவனுக்கு ஒரு ஹாலும் ஒரு பால்கனியும்தான்.

பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இத்துடன் கூரியரில் வருகிறது. எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள். மூன்றாம் நம்பர் அறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஜெனியிடம் கொடுங்கள். மூன்றாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று இங்கே ஓர் ஆள் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

அவனை ஒன்றும் சொல்லாதீர்கள். அபர்ணா மட்டும் சொல்லலாம்.

மாரிச்செல்வி

~

இலஞ்சி
4 ஆகஸ்ட் 2026

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். முதலில் சேதி: நேற்று கோயம்புத்தூர்க்காரர்கள் அபர்ணாவின் லேப்டாப்புக்குள் நுழைந்து பார்த்தார்கள். திரையில் அம்பு தானாக நகர்ந்ததைக் கண்டு பாலம்மாள் விபூதி எடுக்கப் போனாள். பதினாறு என்று காட்டியது. அடுத்த திங்கள்கிழமை வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள். வரவேற்பு மேசைச் சாவியை அபர்ணா என் கையில் வைத்து, "இனிமே நீங்கதான்" என்றாள். நேற்றிலிருந்து ஈரத் துண்டுக்காரர்கள் எல்லாம் என்னிடம்தான் சாவி கேட்கிறார்கள்.

உன் கூரியர் வெள்ளிக்கிழமை வந்தது. நான் தொடவில்லை, கையைக் கழுவிக்கூடத் தொடவில்லை. ஜெனிதான் போட்டாள். ஒரே கிளிக். சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, அபர்ணா வேண்டாம் என்றாள். எங்க அத்தை வச்சது, இருக்கட்டும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திருடனைப் பற்றி வேறொன்றும் அவள் சொல்லவில்லை.

இனி திருடன் விஷயம். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் இப்போது எதில் கணக்குப் போடுகிறான்? அதை நீ எழுதவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. போன் போட்டுக் கேட்கலாம்தான். உன் குரலைக் கேட்டால் இந்தத் திருடன் கதை என் வாயில் நிற்காது. அதனால் எழுதுகிறேன்.

அபர்ணா ஒரு யோசனை சொல்லுகிறாள். அவளுக்கு வேலை மாலையில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு லேப்டாப் சும்மாதான் கிடக்கும். அந்த ஆள் சீசன் முடிவதற்குள் இங்கே வந்தால், தன் கணக்கையெல்லாம் கொண்டுவந்து இதிலேயே போடலாம். விலை இறங்குகிறவரைக்கும் இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் சாரல் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் போதாதா? வாடகை வாங்க மாட்டேன். மூன்றாம் நம்பர் அறை காலியாக இருக்கிறது.

அண்ணன்
சங்கரபாண்டி

(இதற்குக் கீழே பாலம்மாள் எழுதுவது: செல்வி, உங்க அண்ணன் சொல்லுத மாதிரி இங்கன யாருக்கும் கோவம் இல்ல. நானும் ஒண்ணும் கேக்க மாட்டேன். ரெண்டு நாளைக்கு மட்டும்.)

~

புனே
11 ஆகஸ்ட் 2026

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம்.

உங்கள் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாரல் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், உள்ளதே வந்துவிட்டது. பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து முழுதும் கேட்டார். "இதுக்கா ரெண்டு மாசமா ராத்திரியெல்லாம் ஹாலுல நடந்த? நான் பேய்னு நெனச்சுப் படுத்துக் கிடந்தேன்" என்றார்.

மூன்று கடையில் ஒன்று போய்விட்டது. தாமதம் தாங்கவில்லை என்று கணக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். மற்ற இருவர் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கணக்கு இப்போது என் கைப்பைக்குள் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. அபர்ணா வேலையில் சேர்ந்த அன்றைக்கு எனக்குப் போன் செய்தாள். வெகுநேரம் பேசினாள். எதைப் பற்றி என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்; நீங்கள் குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர்கள்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, தென்காசியில் இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வரும்போது எண்ணெய் தேய்க்காமல் வாருங்கள்.

திருடனிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டான். அறை மட்டும் மூன்றாம் நம்பர் வேண்டாமாம். ஒழுகுகிற கூரைக்குக் கீழே லேப்டாப்பைத் திறந்து வைப்பதற்கு அவன் என்ன, சங்கரபாண்டியா என்று கேட்கிறான்.

உங்கள் தங்கை
மாரிச்செல்வி